கிளம்புமுன் ஒரு சுற்று

மோட்டார்ஹோம் நிற்கும்போது முழு வீடு. மின்தூணிலிருந்து கேபிள் வந்திருக்கும், கூரை ஜன்னல் திறந்திருக்கும், வாசலில் படி இறங்கியிருக்கும், பக்கவாட்டில் துணிக்கூரை விரிந்திருக்கும். தரை சமமாக இல்லையென்றால் சக்கரங்களுக்கு அடியில் சாய்கட்டைகளும் இருக்கும். அதைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் இத்தனையையும் ஒன்றுவிடாமல் மடக்கி, மூடி, கழற்றியாக வேண்டும். பிரிட்டனில் இந்த வண்டிகள் ஏராளம். நம் நாட்டிலிருந்து போய் ஸ்காட்லாந்திலோ நியூசிலாந்திலோ வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிளம்பும் நேரத்தைப் பற்றி அவர்களிடையே புழங்கும் சில நம்பிக்கைகள் ஆபத்தானவை. வண்டியில் உடைவதைச் சரிசெய்துகொள்ளலாம். பின்னால் வருகிறவர் மேல் போய் விழுவதைத்தான் திரும்பப் பெற முடியாது.

“மறக்கிறதெல்லாம் புதுசா ஓட்டுறவங்கதான்.”

புதியவர் பயத்தோடு கிளம்புகிறார். கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறார். பல வருடம் ஓட்டியவருக்கோ கை தானாக வேலை செய்கிறது. மனம் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. கையின் பழக்கம் நல்லதுதான், நடுவில் யாரும் குறுக்கிடாதவரை. கேபிளைக் கழற்றப் போகும்போது பக்கத்து வண்டிக்காரர் விடைபெற வருகிறார், மழை பிடித்துக்கொள்கிறது, குழந்தை கழிப்பறைக்குப் போகவேண்டும் என்கிறது. திரும்பி வரும்போது மனம் அந்த வேலையை முடித்துவிட்டதாகவே கணக்கு வைத்திருக்கும்.

இதை விமான உலகம் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட் விமான நிலையத்தில் ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்டி-82 விமானம், மேலெழ விரிக்க வேண்டிய இறக்கை மடல்களை விரிக்காமலே ஓடுதளத்தில் ஓடியது. எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. 154 பேர் இறந்தார்கள். விமானிகள் இருவரும் பயிற்சி பெற்றவர்கள், கையில் சோதனைப் பட்டியல் இருந்தது. ஆனால் அந்த விமானம் ஏற்கெனவே ஒருமுறை கிளம்பத் தயாராகி, ஒரு வெப்ப உணர்கருவியின் கோளாறால் திரும்பி வந்து, தாமதமாக மறுபடி புறப்பட்டது. பட்டியலில் மடல்களைப் பற்றிய வரி வரும் இடத்தில் பேச்சு வேறு வேலைக்குத் தாவிவிட்டது. கடைசிச் சோதனையில் அந்த வரி வாயால் சொல்லப்பட்டது, கண் சரிபார்க்கவில்லை. எச்சரிக்க வேண்டிய ஒலிக்கருவியும் ஒலிக்கவில்லை.

வண்டிக்கும் விமானத்துக்கும் சேதத்தின் அளவு வேறு. மறதி நுழையும் வாசல் ஒன்றுதான். அதனால் விதியும் ஒன்று: சோதனைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், செய்யுங்கள்.

“ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு மடங்கு பாதுகாப்பு.”

பல குடும்பங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கூரை ஜன்னலை அவர் மூடியிருப்பார் என்று இவரும், இவர் மூடியிருப்பார் என்று அவரும் நினைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். யாருடைய வேலை என்று பெயர் எழுதாத வேலை, இரண்டு பேர் இருக்கும்போது இன்னும் சுலபமாக விட்டுப்போகும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஓட்டப்போகிறவர் தனியாக வண்டியை ஒருமுறை சுற்றி வரட்டும். பொறுப்பு ஓட்டுகிறவருடையது, சந்தேகமிருந்தால் கிளம்பாமல் இருக்கும் உரிமையும் அவருடையதே.

“கேபிள் மாட்டியிருந்தா வண்டி நகராது.”

மின்சாரக் கார்கள் அப்படித்தான். சார்ஜ் ஏறும்போது நகராது. அதைப் பார்த்து மோட்டார்ஹோமும் அப்படியே என்று எண்ணிவிடுகிறார்கள். டீசலில் ஓடும் பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் அந்தத் தடை கிடையாது. உள்ளே விளக்கு எரிவதற்காக வரும் மின்சாரத்துக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும்.

இழுபட்டால் பிளக் தானே கழன்றுவிடும் என்பதும் சரியல்ல. பிரிட்டனின் பல கேம்ப்சைட்டுகளில் தூணில் சொருகும் நீல நிற 16 ஆம்பியர் பிளக்கைத் திருகிப் பூட்டவேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் வெளியே வரும். இழுத்தால் வண்டியின் பக்கச்சுவரில் உள்ள சாக்கெட் பெயரலாம், தூண் சாயலாம், மின்சாரம் ஓடும் கம்பி ஈரப் புல்லில் வெளியே தெரியலாம். கழற்றும்போது முதலில் தூண், பிறகு வண்டி. மாட்டும்போது முதலில் வண்டி, பிறகு தூண். இந்த வரிசை மாறினால் தூக்கிச் செல்லும் முனையில் மின்சாரம் இருக்கும்.

சிலர் கேபிள் மாட்டியதும் வண்டிச் சாவியை அந்தச் சாக்கெட்டின் மூடியிலேயே தொங்கவிடுகிறார்கள். கிளம்ப சாவி வேண்டும். சாவியை எடுக்கக் கேபிளிடம் போகவேண்டும். நினைவை நம்பாத இந்த ஏற்பாடு எனக்கு மிகப் பிடித்தது. கேம்ப்சைட்டில் சாவியை வெளியே விட மனமில்லாதவர்கள், ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைக்கலாம்.

“ஏதாவது திறந்திருந்தா பஸ்ஸர் அடிக்கும்.”

மின்சாரப் படி பல வண்டிகளில் இஞ்சின் ஓடத் தொடங்கியதும் தானே மடங்கும், மடங்காவிட்டால் ஒலி வரும். ஆனால் மடிப்பில் சேறோ கல்லோ அடைத்தால் பாதியில் நிற்கும். ஃபியூஸ் போனால் ஒலியும் வராது. ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த வண்டியில் வாசல் வலப்புறம் இருக்கும். அதை பிரிட்டனில் ஓட்டினால், நீட்டிக்கொண்டிருக்கும் படி சாலையின் நடுப்பக்கம், முந்திச் செல்கிறவரின் பக்கம் இருக்கும். மோட்டார்சைக்கிளில் வருபவரின் காலை நினைத்துப் பாருங்கள்.

கூரை ஜன்னலுக்குப் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் இல்லை. கேம்ப்சைட்டுக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் காற்று அதன் அடியில் புகுந்து தூக்கும். பெயர்ந்தால் அது பறந்து போய் விழும் இடம் பின்னால் வருகிறவரின் முன்கண்ணாடி. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இது தெரியாது என்பதால், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து, தாழ்ப்பாளைக் கையால் தொட்டபிறகே இறங்க வேண்டும். சாட்டிலைட் தட்டுக்கும் இதே கதைதான்.

“கேஸை மூடினா ஃபிரிட்ஜில் உள்ளது கெட்டுடும்.”

மோட்டார்ஹோமில் பரவலாக இருக்கும் ஃபிரிட்ஜ் மூன்று வழிகளில் ஓடும்: தூண் மின்சாரம், கேஸ், வண்டியின் 12 வோல்ட். ஓடும்போது இஞ்சின் தரும் 12 வோல்ட்டே போதும். கேஸில் ஓடுகிறது என்றால் ஃபிரிட்ஜின் பின்னால் ஒரு தீச்சுடர் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பெட்ரோல் பங்கில் பரவும் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சுடருக்குக் காற்று போகும் துவாரமோ வண்டியின் வெளிச்சுவரில் இருக்கிறது. எந்தச் சக்தியில் ஓடுவது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கும் ஃபிரிட்ஜ்கள், இஞ்சினை நிறுத்திய பிறகு ஏறக்குறைய 15 நிமிடம் காத்திருந்தே கேஸுக்கு மாறும்படி செய்யப்பட்டிருப்பது பெட்ரோல் பங்கை மனதில் வைத்துத்தான். வரிசை நீண்டால் அந்த 15 நிமிடம் போதாமல் போகலாம்.

புதிய வண்டிகள் சிலவற்றில் மோதல் நடந்தால் கேஸை நிறுத்தும் கருவி இருக்கிறது. குளிர்நாடுகளில் ஓடும்போதும் ஹீட்டரை எரியவிட அது உதவுகிறது. அந்தக் கருவி இல்லாத வண்டியில் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டுக் கிளம்புவதே சரி. கருவி இருந்தாலும் பங்கிலும் கப்பலிலும் மூடத்தான் வேண்டும்.

“உயரம் கையேட்டில் இருக்கு, தெரியும்.”

கையேட்டில் இருப்பது தொழிற்சாலையில் இருந்த உயரம். அதன்பின் கூரையில் ஏறிய ஏசி, பெட்டி, சாட்டிலைட் தட்டு எதுவும் அதில் இல்லை. 3 மீட்டருக்கு மேல் உயரமான வண்டியில் ஓட்டுநர் கண்ணில் படும்படி உயரத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம், 2.9 மீட்டர் வண்டிக்காரரும் அதைச் செய்யட்டும். பாலப் பலகையில் உயரம் அடி, அங்குலக் கணக்கிலும் இருக்கும். 3 மீட்டர் என்பது 9 அடி 10 அங்குலம். இரண்டையும் எழுதி முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுங்கள்.

“உள்ளே நாலு சாமான் உருண்டா என்ன?”

முதல் வளைவிலேயே இழுப்பறை திறக்கும், ஃபிரிட்ஜ் கதவு ஆடும். திடீரென பிரேக் பிடித்தால் வாணலி முன்னால் பறந்து வரும். அதன் வழியில் குழந்தை உட்கார்ந்திருக்கலாம். சாப்பிடத் திருப்பிவைத்த முன்னிருக்கைகள் முன்னோக்கிப் பூட்டப்பட்டனவா என்பதையும் அசைத்துப் பாருங்கள்.

“பட்டியல் நீளமா இருந்தா யாரும் படிக்கமாட்டாங்க.”

இதில் உண்மை உண்டு. வாடகை நிறுவனம் தரும் தடித்த கையேட்டைக் கிளம்பும் காலையில் யாரும் திறப்பதில்லை. உங்கள் வண்டியில் எவை உண்டோ அவற்றை மட்டும் ஒரு அட்டையில் எழுதுங்கள். எழுதும் வரிசை நீங்கள் நடக்கும் வரிசையாக இருக்கட்டும்: உள்ளே பின்பக்கம் தொடங்கி வாசல் வரை, பிறகு வெளியே வாசல் தொடங்கி ஒரு முழுச் சுற்று. படித்துவிட்டு நகராமல், படிக்கும் ஒவ்வொன்றையும் தொடுங்கள்.

பிறகு வண்டியை நின்ற இடத்திலிருந்து ஒரு வண்டி நீளம் முன்னால் எடுத்து நிறுத்தி, இறங்கி, காலியான இடத்தைப் பாருங்கள். சாய்கட்டை, மிதியடி, தண்ணீர்க் குழாய், கூடார முளை என்று விட்டுப்போனவை புல்லில் கிடக்கும். கழிவுத்தண்ணீர்க் குழாய் மூடப்படாமல் இருந்தால் ஈரக்கோடும் அங்கேயே தெரியும். அண்மையில் சக்கரம் மாற்றியிருந்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை நிறுத்தி, நட்டுகளை முறுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.