கொசு மருந்தும் குளத்து ஜீவராசிகளும்

ஐப்பசி மழையோடு ஊரில் ஜுரம் கண்டால், ஏரி, குட்டை, வயல் யாவற்றிலும் கொசு மருந்து தெளிக்கவேண்டுமென ஜனங்கள் கோருவதும், கிராம அதிகாரிகள் அதற்கு இணங்குவதும் வழக்கமாயிருக்கின்றன. மருந்து கொசுப்புழுவை மட்டும் தெரிந்தெடுத்துக் கொல்வதன்று.

குட்டை நீரை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் முகந்து பாருங்கள். நெளியும் கொசுப்புழுக்களோடு, தட்டாம்பூச்சியின் இளம்புழுக்கள், மல்லாந்து நீந்தும் பூச்சிகள், புள்ளிபோல் துள்ளும் நீர்த்தெள்ளுகள் ஆகியவையும் காணப்படும். முற்கூறிய இரண்டும் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்பவை. நீர்த்தெள்ளோ பாசியைத் தின்று, தானே மீன்குஞ்சுக்கு இரையாவது. கொசுப்புழுவைக் கொல்லும் சொற்ப அளவு டெமிபாஸ் மருந்தே நீர்த்தெள்ளையும் கொல்லும். சைபர்மெத்திரின், டெல்டாமெத்திரின் போன்றவை மீன், இறால், நண்டு ஆகியவற்றுக்குக் கொடிய விஷமாதலால், அவற்றை நீர்நிலையில் விடவே கூடாது.

விவசாயிகள் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது பின்னர் நடப்பதாகும். நம் நாட்டு வெப்பத்தில் கொசு, முட்டையினின்று பறக்கும் பருவம் அடையச் சுமார் பத்து நாட்களே போதும். தட்டாம்பூச்சிக்கோ பல வாரங்கள், சில இனங்களுக்குப் பல மாதங்கள் வேண்டும். ஆகவே மருந்தின் வீரியம் குறைந்ததும் முதலில் திரும்பி வருவது கொசுவே. தன்னைத் தின்னும் பிராணிகள் ஒழிந்த குட்டையில் அது முன்னிலும் பெருகக்கூடும்.

டெங்கு ஜுரத்துக்காகக் குளத்தில் மருந்து விடுதல் வீண் செலவு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது வீட்டுத் தொட்டி, பானை, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில். இவற்றை வாரந்தோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுக.

மூளைக் காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இனத்துக் கொசுக்கள் நெல் வயல் நீரில் வளர்பவை. அங்கும் மருந்து தேவையில்லை. நட்ட பயிர் வேரூன்றியபின், தேங்கிய நீர் மறையும்படி விட்டு, மீண்டும் பாய்ச்சிவந்தால் புழுக்கள் முதிருமுன்பே மடியும், நீரும் மிச்சமாகும். பூக்குந் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடலாகாது. யூரியாவை ஒரே தடவையில் மிகுதியாய் இடுவதும் நன்றன்று. தழைச்சத்து உரமிட்ட வயலில் கொசுப்புழு மிகுவது ஆராய்ச்சியில் கண்ட உண்மை.

வடிக்க இயலாத சாக்கடைக்கு, 1976-ல் இஸ்ரேல் நாட்டு நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் கண்டெடுக்கப்பட்ட பாசில்லஸ் நுண்ணுயிர் மருந்து ஏற்றது. அதைத் தின்ற கொசுப்புழு குடல் சிதைந்து இறக்கும். மீனுக்கும் தட்டாம்பூச்சிக்கும் தீங்கில்லை. அளவு மிஞ்சினால், மீனுக்கு இரையாகும் வேறு சில கொசு போன்ற ஈக்களின் புழுக்களும் சாகும். ஆதலின் புட்டியில் குறித்த அளவை மீறவேண்டாம்.

எம்மருந்தாயினும், தெளிப்பானை வாய்க்காலில் கழுவாமல், கழுவிய நீரைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில் தரிசு மண்ணில் ஊற்றவேண்டும்.