சூடானதும் எஞ்சின் வேகம் குறைகிறதா? ஸ்க்ரூவைத் திருகுமுன் இதைப் படியுங்கள்



நமது தோட்டங்களில் இன்று பல பிள்ளைகள் கடன் வாங்கி, நகை அடகு வைத்து, பழைய கார் ஒன்றை வாங்கி ஹயருக்கு ஓட்டுகிறார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதும் அந்தக் கார்தான். நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதே கார்தான். ஆகவே அந்தக் கார் வழியில் நின்றுபோவது ஓட்டுகிறவருடைய பிரச்சினை மட்டுமல்ல. அது லயத்துக்கே பிரச்சினை.

அப்படிக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் சில காலத்துக்கு முன் எங்களிடம் வந்தார். "சார், காலைல ஸ்டார்ட் பண்ணினா நல்லாத்தான் ஓடுது. டவுனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஆட ஆரம்பிக்குது. கால எடுத்தா கட் ஆகுது" என்றார். கராஜ் ஒன்றில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார்களாம். இரண்டு நாள் நன்றாக ஓடி, மறுபடியும் அதே கதை. பிறகு காபரேட்டரைக் கழற்றிப் புதுச் சாமான் போட்டார்களாம். காசு போனதுதான் மிச்சம்.

இந்தக் கோளாறை எப்படித் தேடுவது என்பதே இந்த மாதப் பாடம். தம்பியின் காரில் என்ன இருந்தது என்பதைப் பாடத்தின் நடுவில் சொல்வோம்.

1. ஐட்லிங் என்றால் என்ன?

எக்சிலேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை ஐட்லிங் என்கிறோம். எஞ்சின் நன்கு சூடான பிறகு பெரும்பாலான பெற்றோல் கார்களில் இது நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை இருக்கும். உங்கள் காருக்குரிய சரியான அளவு அதன் கைநூலில் இருக்கும். பல கார்களில் பொனட்டுக்கு அடியில் ஒட்டிய தாளிலும் இருக்கும். அதைவிடக் குறைந்து 500, 600 என்று இறங்கினால் கார் ஆடும். லைட் மங்கும். ஒயில் லைட் மினுங்கவும் கூடும். கடைசியில் எஞ்சின் நின்றுவிடும்.

2. காலையில் சரி, சூடானதும் ஏன் கோளாறு?

குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. அதனால் குளிரில் கூடுதல் பெற்றோலும் கூடுதல் வேகமும் கொடுக்க காரிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. பழைய காபரேட்டர் கார்களில் அது சோக். இன்ஜெக்டர் உள்ள கார்களில் கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்கிறது. அப்போது வேகம் 1,200, 1,500 என்றுகூட இருக்கும்.

தண்ணீர் 80 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது அந்த உதவி விலகிவிடும். இனி எஞ்சின் தன் சொந்த பலத்தில் ஓட வேண்டும். அதில் குறை ஏதும் இருந்தால் அப்போதுதான் வெளியில் தெரியும். சுருக்கமாகச் சொன்னால், கோளாறு காலையிலும் இருக்கிறது. சோக் அதை மறைக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டுவதும் அதே மாதிரி மறைக்கிற வேலைதான். காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் பனடோல் மட்டும் போட்டுக்கொள்வது போல.

3. சோதிக்குமுன் கவனம்

காரைச் சமமான இடத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வையுங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயு மணமில்லாமலே ஆளைக் கொல்லும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. சால்வை, தொங்கும் சட்டைக் கை எதுவும் ஃபேன் பெல்ட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

4. காசு செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்

(அ) எயர் ஃபில்டர். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். தோட்டத்து மண் பாதையில் ஓடும் காருக்கு ஃபில்டர் சீக்கிரமே அடைத்துவிடும்.

(ஆ) சோக் சோதனை. சோக் பிடி உள்ள பழைய கார்களுக்கு இது நல்ல சோதனை. எஞ்சின் சூடாகி ஆடிக்கொண்டிருக்கும்போது சோக்கை மெதுவாகக் கொஞ்சம் இழுங்கள். ஓட்டம் சீரானால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று களவாக உள்ளே போகிறது என்று அர்த்தம். இன்னும் மோசமாகிக் கறுப்புப் புகை வந்தால் ஏற்கெனவே பெற்றோல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழி தெரிந்துவிடும்.

(இ) பிளக். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி நுனியைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நல்லது. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடுதல். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு. ஒயில் நனைந்திருந்தால் எஞ்சினுக்குள் ஒயில் ஏறுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் வேலை செய்யாவிட்டாலே மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும்.

நமது பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த காபரேட்டர் காரை மலைக்குக் கொண்டுவந்தால் காற்று குறைந்து பெற்றோல் மிஞ்சும். பிளக் கறுக்கும், ஐட்லிங்கும் இறங்கும். அது பழுதல்ல. காபரேட்டரை இந்த உயரத்துக்கு ஏற்றபடி செட் பண்ண வேண்டும்.

(ஈ) ரப்பர் ஹோஸ்கள். எஞ்சினின் காற்றுப் பாதையோடு பல ஹோஸ்கள் இணைந்திருக்கும். அவை சூட்டில் காய்ந்து வெடிக்கும். எஞ்சின் ஓடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். "ஸ்ஸ்" என்று சத்தம் வருகிறதா? ஒவ்வொரு ஹோஸின் முனையிலும் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எந்த இடத்தில் தெளிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பிளக் வயர் பக்கம் தண்ணீர் படக் கூடாது. சிலர் இதற்குப் பெற்றோல் தெளிப்பார்கள். அது தீயோடு விளையாடுவது. வேண்டவே வேண்டாம்.

தம்பியின் காரில் கண்டது

எங்கள் பகுதியில் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தம்பியின் காரை அவரிடம் காட்டினோம். சோக்கை இழுத்தார், எஞ்சின் சீரானது. உடனே ஸ்பெனரை எடுக்கவில்லை. தம்பியைப் பார்த்து, "பிரேக் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். "கொஞ்ச நாளா இறுக்கமாத்தான் இருக்கு தாத்தா. பழைய கார்தானேன்னு விட்டுட்டேன்" என்றார் தம்பி.

பெரியவர் எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது.

நாங்கள் ஒரு நிமிடம் பேசாமல் நின்றோம். பிரேக் மிதியை லேசாக்குவது எஞ்சின் உறிஞ்சும் இழுவைதான். அந்த ஹோஸ் வழியாகத்தான் அது பூஸ்டருக்குப் போகிறது. வெடிப்பு வழியே காற்று உள்ளே போனதால் எஞ்சின் ஆடியது, பிரேக்கும் இறுகியது. ஸ்க்ரூவைத் திருகியவர் எஞ்சினின் ஆட்டத்தை மட்டும் மறைத்தார். பிரேக் கோளாறு அப்படியே இருந்தது. அந்தக் காரில் தினமும் பள்ளிப் பிள்ளைகள் போய்வந்தார்கள்.

அதே அளவில் புது ஹோஸ் போட்டு, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் இரண்டும் சரியாகிவிட்டன.

நீங்களும் பூஸ்டரைச் சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி பிரேக் மிதியை நான்கைந்து தடவை மிதியுங்கள். மிதி இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் ஹோஸையோ பூஸ்டரையோ உடனே பார்க்க வேண்டும். அதுவரை காரில் ஆட்களை ஏற்ற வேண்டாம்.

5. இன்ஜெக்டர் உள்ள கார்கள்

மாருதி 800 போன்ற கார்கள் தொடக்கத்தில் காபரேட்டரோடு வந்தன. பின்னர் வந்தவற்றில் இன்ஜெக்டர் உண்டு. இன்ஜெக்டர் கார்களில் அதிகம் காணப்படும் காரணம், காற்று போகும் வாயிலில் கரி படிவதுதான். ஐட்லிங் காற்றை அளந்து விடும் வால்விலும் கரி பிடிக்கும். இதற்கென்றே விற்கும் திரவத்தில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். சாவியைப் போட்ட நிலையில் அந்தத் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். மோட்டரால் இயங்கும் வகை என்றால் கெட்டுவிடும். டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் சென்சர் பிழையாகச் சொன்னாலும் கம்ப்யூட்டர் பெற்றோலைப் பிழையாகவே விடும். சில இன்ஜெக்டர் கார்களில் ஹோஸ் வெடித்தால் ஐட்லிங் குறையாமல் கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

6. இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லையா?

இனி நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி குறைந்த வால்வு சூட்டில் நீண்டு, முழுவதும் மூடாமல் நிற்கும். அதுவும் சூடான பிறகு மட்டும் தெரிகிற கோளாறுதான். சூடானதும் பலவீனமாகும் கொயிலும் உண்டு. எதைப் பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தேவையில்லாத சாமானுக்குக் காசு கொடுப்பது குறையும்.

மலைப் பாதையில் மறக்கக் கூடாதது

பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு இறங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஐட்லிங் குறைந்த கார் அப்போது நின்றுவிட்டால், பூஸ்டரில் மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் போதும். பிறகு பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங்கும் இறுகும். அடுத்தது கொண்டை ஊசி வளைவு. எனவே இறக்கத்தில் எப்போதும் கியரிலேயே வாருங்கள். சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பிரேக்கும் கை கொடுக்கும்.

பயிற்சி

1. சூடான எஞ்சினில் சோக்கை இழுத்ததும் ஓட்டம் சீரானால் எதைத் தேட வேண்டும்?
2. பனி மூட்டத்தில் லைட்டும் வைப்பரும் போட்டதும் ஐட்லிங் இன்னும் இறங்குவது ஏன்? (மின்சாரம் எடுக்க எடுக்க டைனமோ எஞ்சினை இழுக்கும்.)
3. உங்கள் வீட்டுக் காரின் பிரேக் பூஸ்டரை இந்த வாரம் சோதித்தீர்களா?

மூன்றாவது கேள்விக்கு விடையை எங்களுக்கு எழுத வேண்டாம். காரில் ஏறும் பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லுங்கள், போதும்.