கடைக்கு ஒரு வலைத்தளம்

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்பவர் ஒருவர், முப்பது நாற்பது சேலைகளின் படத்தையும் விலையையும் ஊருக்குக் காட்டினால் போதுமென்று கருதுவாராயின், விக்ஸ், ஷாப்பிஃபை போன்ற ஆயத்தத் தளமொன்றில் சந்தா கட்டி, இரண்டொரு நாளில் தாமே கடை திறந்துவிடலாம். அதற்கென நிபுணரை அமர்த்திப் பெருந்தொகை செலவிடுவது அநாவசியம். முடிச்சுப் போடக் கொடுத்த துணி, சாயப்பட்டறைக்குப் போன துணி, அலமாரியில் மிஞ்சிய சேலை யாவும் ஒரே கணக்கில் ஓடவேண்டுமென்னும் அளவுக்கு வியாபாரம் விருத்தியடைந்த பின்னரே, தனியே எழுதுவித்த தளம் சௌகரியமாகும். அதற்கும் வருஷந்தோறும் பராமரிப்புச் செலவு உண்டு.

விக்ஸில் எழுப்பியதை அப்படியே பெயர்த்து வேறோரிடத்தில் நிறுத்த இயலாது என்பதையும், 2003ஆம் ஆண்டு தோன்றிய வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு சொந்தமாக அமைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்பதையும் முன்னரே யோசித்தல் நலம்.

எவ்வழியாயினும் தளத்தின் முகவரியைத் தம் பெயரிலேயே பதிவு செய்க. என் சிநேகிதர் ஒருவர், தளம் செய்து கொடுத்தவர் பெயரில் அதைப் பதிய விட்டு, பின்னர் மனஸ்தாபம் நேர்ந்தபோது, முகவரி கைநழுவிப் போக, அதை அச்சடித்த ஆயிரம் பைகளையும் பரணில் ஏற்றினார்.