தனித்து நிற்கும் அதிபருக்குத் துணை

அன்புள்ள மருமகளுக்கு,

இலங்கை அதிபர் சேவையின் மூன்றாந் தரத்துக்கு நீ தெரிவாகி, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றைப் பொறுப்பேற்கப் போகிறாய் என்று உன் தாயார் எழுதிய நாள் முதல், வாழ்த்துச் சொல்வதோடு நின்றுவிடாமல், இந்த மலைநாட்டிலே நெடுங்காலம் அதிபராயிருந்தவன் என்ற முறையில், பயிற்சி வகுப்புகளில் எவரும் எடுத்துச் சொல்லாத ஒரு விஷயத்தையும் உனக்கு எழுதிவிட வேண்டுமென்று நினைத்திருந்தேன். நேரசூசி வகுப்பதையும், வரவு இடாப்பைச் சரிபார்ப்பதையும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கை முடிப்பதையும் நீ சில மாதங்களில் பழகிக்கொள்வாய். பெரும்பான்மைச் சமூகத்தவரே நிறைந்திருக்கும் நிர்வாகத்துக்குள் சிறுபான்மைச் சமூகத்து அதிபருக்கு நேரும் தனிமையைத் தாங்குவது அப்படி எளிதில் பழகிவிடும் காரியமன்று. அதற்குச் சக அதிபர்களின் துணையைவிடச் சிறந்த மருந்து எதையும் நான் கண்டதில்லை.

வலயக் கல்விப் பணிமனையின் அதிபர் கூட்டம் எப்படி நடக்குமென்று நீ இனித்தான் பார்க்கப் போகிறாய். மண்டபம் நிறைந்திருக்கும், தமிழ்மொழிப் பாடசாலைகளிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பின்வரிசை வாங்கொன்றில் அடங்கிவிடுவார்கள். பணிப்பாளர் சிங்களத்தில் விரைந்து பேசிச் செல்வார். இடையே ஒரு வேடிக்கை சொல்ல மண்டபமே சிரிக்கும். நம்மில் சிங்களம் நன்கறிந்த ஒருவர் தாழ்ந்த குரலில் அதன் சாரத்தை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த சுற்றறிக்கைக்குப் போயிருக்கும். பிறகு, தலைப்புகள் யாவும் சிங்களத்திலேயே அச்சான படிவமொன்று கைக்குக் கை வரும். மதியத்துக்குள் நிரப்பித் தரவேண்டும். எந்த நிரலில் ஆசிரியர் வெற்றிடத்தை எழுதுவது, எதில் மேலதிகத்தை எழுதுவது என்று தெரியாமல், பக்கத்திலிருப்பவரின் தாளைப் பார்த்து எழுதிக் கையொப்பமிட்டு, அதன் பலனாக வரவேண்டிய கணித ஆசிரியரை இழந்த அதிபர்களை நான் அறிவேன். இதிலே எவருடைய துவேஷத்தையும் நான் காணவில்லை. அந்த உத்தியோகத்தர்களில் அநேகர் மரியாதை தெரிந்தவர்கள். கேட்டால் விளக்கமும் சொல்வார்கள். ஆயினும், எல்லோருக்கும் விளங்கியதைத் தான் மட்டும் எழுந்து நின்று கேட்க நேர்பவருடைய நிலைமையை அவர்கள் ஊகித்துப் பார்த்ததில்லை.

சட்டம் உதவாதா என்று நீ கேட்பாய். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. மறு ஆண்டு வந்த பதினாறாந் திருத்தம் அதனை விரிவாக்கிற்று. ஆனால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைக் கவனித்துப் படி: சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பிரதேசத்தில் தமிழிலே கடிதம் பெறும் உரிமை, உத்தியோக முறையில் கடமையாற்றும் அலுவலர் நீங்கலான ஏனையோருக்கே அங்கு வழங்கப்பட்டிருக்கிறது. உன் பாடசாலைப் பிள்ளையின் தகப்பனார் தமிழில் பதில் கேட்கலாம்; அதிபராகிய நீ அந்த வாசகத்தைக் காட்டிக் கேட்பதற்கில்லை. ஆகவே சிங்களத்தைச் சிரத்தையோடு கற்றுக்கொள். 2007ஆம் ஆண்டின் ஏழாம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையும் புதிய அரச ஊழியர் இரண்டாம் அரசகரும மொழியை ஐந்து வருடத்துக்குள் கற்க வேண்டுமென்றே விதித்தது. மொழி வந்தபின்னும் தனிமை முழுவதும் நீங்கிவிடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அதற்குக் காரணம் நமது சரித்திரத்தில் இருக்கிறது. 1872இல் எழுந்த திரித்துவக் கல்லூரியும், 1887இல் எழுந்த தர்மராஜாவும், 1891இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் ஆரம்பித்த கிங்ஸ்வூட்டும் கண்டி நகருக்குத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கித் தந்திருக்கின்றன. அப்படிப்பட்ட கல்லூரியொன்றில் படித்தவர் அதிபரானால், பணிமனையிலே அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் இருப்பார். ஐயம் வந்தால் கேட்பதற்குப் பழைய ஆசான் இருப்பார். கேளாமலே கிடைத்துவிடும் துணையாதலால் அதற்குப் பெயருமில்லை. அதை அனுபவிப்பவர் கண்ணுக்கு அது தென்படுவதுமில்லை. நம்மவர் வந்த வழி வேறு. தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்டத் துரையைப் பொறுப்பாக்கிய சட்டம் 1907இல் வந்தது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரியபடி பெறாமல் ஒதுங்கியே கிடந்தன. 1977 தொடக்கமே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகக் கையேற்றது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது 1990களின் தொடக்கத்திலேதான். லயத்துக் காம்பிராவிலிருந்து படித்து வந்து அதிபர் நாற்காலியில் அமர்ந்த முதல் தலைமுறைக்கு, முன்னே சென்று வழிகண்டவர் என்று கைகாட்ட எவருமில்லை.

இத்தகைய அதிபரை இரண்டு மயக்கங்கள் பற்றிக்கொள்கின்றன. ஒருவர் தமக்கு நேரும் ஒவ்வொரு தோல்வியையும் தம் திறமைக் குறைவென்றே எண்ணி, நாளடைவில் எதையும் கேட்காத மனிதராகி ஒடுங்கிப் போகிறார். மற்றவர் ஒவ்வொரு குறைக்கும் மேலிடத்துப் பாரபட்சமே காரணமென்று தீர்மானித்து, தாம் திருத்தக்கூடியதையும் திருத்தாமல் விட்டுவிடுகிறார். எது தன் பிழை, எது அமைப்பின் பிழை என்று பிரித்துச் சொல்ல, அதே நிலைமையில் அதே வேலையைச் செய்யும் இன்னொருவரால் மாத்திரமே முடியும். வீட்டார் அநுதாபப்படுவார்கள், மேலதிகாரி ஆலோசனை சொல்வார், இந்த விவேகத்தை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின அதிபர்கள் இதை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஜார்ஜியாவில் கேன்ஸ்வில் நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைவராயிருந்த யுலிசிஸ் பயஸ் என்பவரைப் பற்றி வனெஸா சிடில் வாக்கர் 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். மேலிடத்திலிருந்து பள்ளிக்கு வேண்டியதை எவ்வாறு பெறுவது, ஆசிரியரை எவ்வாறு நடத்துவது என்பவற்றையெல்லாம் அம்மாநிலத்துக் கறுப்பின ஆசிரியர் சங்கத்தின் கூட்டங்களில் அதிபர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து வந்ததை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. 1954இல் இனப்பிரிவினைப் பள்ளிகள் சட்டவிரோதமென்று தீர்ப்பாயிற்று. நீதியான தீர்ப்பு அது. ஆனால் அதை நிறைவேற்றிய விதத்தால் அடுத்த பதினோரு வருடங்களில் 38,000க்கும் அதிகமான கறுப்பின ஆசிரியர்களும் அதிபர்களும் பதவியிழந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1966இல் அவர்களுடைய தேசிய ஆசிரியர் சங்கமும் வெள்ளையர் பெரும்பான்மையாயிருந்த பெரிய சங்கத்தோடு இணைக்கப்பட்டது. பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து படிக்கும் உரிமை கிடைத்த அதே காலத்தில், அதிபர்கள் ஒன்றாக அமர்ந்து யோசித்த இடம் போயிற்று. வெள்ளையர் பெரும்பான்மையாயுள்ள பள்ளிகளில் தனியொருவராய்த் தலைமை ஏற்பவர்கள் அத்தகைய இடத்தை இன்று புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டைப் பக்கங்களில் உன் நிலையிலுள்ள நாலைந்து அதிபர்களைச் சேர்த்துக்கொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒருவருடைய பாடசாலையிலே கூடுங்கள். பிறர் பாடசாலையை நேரில் பார்ப்பதே பாதிப் படிப்பு. தமிழ்மொழியில் கற்பிக்கும் முஸ்லிம் பாடசாலைகளின் அதிபர்களைத் தவறாமல் அழையுங்கள். துணை சேர்வதன் பலனை அவர்களுடைய சரித்திரமும் காட்டும்: கண்டியிலே பிறந்த சித்திலெப்பை முஸ்லிம் சமூகத்தின் கல்விப் பணியில் இறங்கியபோது, வாப்பிச்சி மரிக்காரும் நாடுகடத்தப்பட்டு வந்த எகிப்தியரான ஒராபி பாஷாவும் தோள்கொடுத்ததனால்தான், பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியான பாடசாலை 1892இல் கொழும்பிலே உருவாயிற்று. கூட்டத்துக்கு வருபவர் ஒவ்வொருவரும் தம் பாடசாலையில் தீராத பிரச்சினை ஒன்றை விவரமாகக் கொண்டுவரட்டும். வெறும் முறைப்பாட்டுக்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். வந்த சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் தமிழாக்கிய கோவையொன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணித ஆசிரியரை மூன்று பாடசாலைகள் சனிக்கிழமை வகுப்புக்குப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை இத்தகைய பேச்சிலேதான் பிறக்கும். அங்கே பேசியது வெளியே போகலாகாது. அந்த நம்பிக்கை ஒருமுறை கெட்டால் கூட்டமே கெட்டது.

இதைப் பிரிவினை என்று யாரேனும் சொன்னால் கலங்காதே. பணிப்பாளருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கூடுங்கள். நல்லெண்ணமுள்ள சிங்கள அதிபர் ஒருவரை இடையிடையே விருந்தினராக அழையுங்கள். எனினும் உங்களுக்குள் மட்டும் பேசும் வேளையை எவருக்காகவும் விட்டுக்கொடாதிருங்கள். பின்வரிசை வாங்கில் மௌனமாயிருந்தவர்கள், முன்னதாகக் கூடிப் பேசித் தெளிந்து வந்த மாதங்களில், எழுந்து நின்று தம் பாடசாலைக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டதை நான் கண்டிருக்கிறேன்.

உனக்கு அறிமுகமான இரண்டு பேராவது அப்பக்கத்தில் இருப்பார்கள். முதலாந் தவணை தொடங்குமுன் அவர்களுக்கு எழுதிவிடு.

அன்புள்ள,
மாமா