இரண்டு கிழமையாக மாறாத இருமல்

காசநோய் திடீரென்று விழுத்தும் நோயல்ல. மெல்ல மெல்ல வருவது. அதனாலேயே நாம் அதைப் பிந்தி அறிகிறோம்.

ஒரு கமக்காரரை நினைத்துக்கொள்வோம். இடம்பெயர்ந்து வந்து, மனைவி, பிள்ளைகள், தாயார் என ஆறு பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவருக்கு இருமல் வருகிறது. "புழுதி பட்டது" என்று இருமல் பாணி குடிக்கிறார். பின்னேரத்தில் மெல்லிய காய்ச்சல், இரண்டு பனடோல். இரவில் வியர்த்துப் பாய் நனைகிறது. சாப்பாட்டில் மனமில்லை, சாரம் இடுப்பில் நிற்குதில்லை. "யோசனையால் மெலிகிறார்" என்கிறார்கள் வீட்டார். சளியில் இரத்தம் கண்ட பிறகே கிளினிக்குக்குப் போகிறார். இதற்கிடையில் மாதங்கள் கடந்துவிட்டன. அந்த மாதங்களில் அதே அறையின் காற்றைத்தான் மற்ற ஐந்து பேரும் சுவாசித்தார்கள்.

எப்படித் தொற்றுகிறது?

1882இல் றொபேட் கொக் கண்டறிந்த கிருமியே காரணம். சுவாசப்பையில் நோயுள்ளவர் இருமும்போது அது காற்றில் கலக்கிறது. கோப்பையாலோ உடுப்பாலோ தொற்றாது. இது பரம்பரை நோயுமல்ல, சாபமுமல்ல. கிருமி புகுந்த எல்லோரும் நோயாளியாவதில்லை. போசாக்குக் குறைந்தவர், நீரிழிவுள்ளவர், புகைப்பவர், குடிப்பவர் ஆகியோருக்கு ஆபத்துக் கூட.

எல்லோருக்கும் ஒரே அறிகுறியா?

இல்லை. முதியவரிடம் சோர்வும் மெலிவும் மட்டுமே தெரியலாம். பிள்ளைக்கு நிறை கூடாது. விளையாட மனம் வராது. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும். சிலருக்கு முள்ளந்தண்டு நோகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ மார்புநோய் கிளினிக்குக்கோ போவோம். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

2. கொடுக்க வேண்டியது துப்பலல்ல. நெஞ்சின் ஆழத்திலிருந்து வரும் சளி. விடியற்காலைச் சளி நல்லது.

3. நோய் உறுதியானால், வீட்டிலுள்ள எல்லோரையும், முக்கியமாக ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை, இருமல் இல்லாவிட்டாலும் காட்டுவோம்.

4. சன்னலைத் திறந்து வைப்போம். இருமும்போது வாயை மூடுவோம்.

இரண்டாம் மாதத்தில் கவனம்

வழமையான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி தொடர்ந்தால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், உடம்பு தேறும். "சுகம் வந்துவிட்டது, விதைப்புக்குப் போகலாம்" என்று பலர் குளிசையை விடுவது இப்போதுதான். கோரையை மேலே செருக்கினால் வயல் துப்புரவாகத் தெரியும்; கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அதுபோல எஞ்சிய கிருமி திரும்ப முளைக்கும். மருந்துக்கு மசியாததாகவும் மாறலாம். வேலைக்குப் போகலாமா என்று கிளினிக்கில் கேட்போம். குளிசையை மட்டும் விடாதிருப்போம்.

சிகிச்சை நடுவே வேறிடம் போக நேர்ந்தால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லி, புதிய இடத்துக்குக் கடிதம் வாங்குவோம். சிகிச்சை அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவோம்.

கூடிப் பேசுவோம்

- எமது அயலில் நீண்ட நாள் இருமுபவர் யார்? அவரோடு கிளினிக்குக்கு யார் துணை போகலாம்?
- காசநோய் என்றதும் ஒருவரை ஒதுக்கினால், அடுத்தவர் தன் இருமலைச் சொல்வாரா?