ஸ்பிரிங்க்ளர் வால்வு: திறப்பது மின்சாரம், மூடுவது தண்ணீர்

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கும் நம்மவர்கள் கூரை, ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். புல்தரை ஓரத்தில் பச்சை மூடியோடு மண்ணில் புதைந்திருக்கும் பெட்டியை மட்டும் யாரும் திறப்பதில்லை. கோடையில் ஒரு நாள், விடியற்காலையில் ஓடத் தொடங்கிய ஸ்பிரிங்க்ளர் எட்டு மணியாகியும் நிற்காது. கராஜுக்கு ஓடிக் கன்ட்ரோலரை அணைப்பார்கள், பிளக்கையே பிடுங்குவார்கள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அது ஏன் நிற்கவில்லை என்று புரிந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

பெட்டிக்குள் இருக்கும் வால்வின் நடுவே டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடு உண்டு. குழாயில் வரும் தண்ணீர் அதைக் கீழிருந்து தள்ளுகிறது. அதே தண்ணீரில் கொஞ்சம், ஒரு ஊசித்துளை வழியாகத் தகட்டுக்கு மேலே உள்ள அறைக்கும் போய் நிரம்புகிறது. அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் மேலே தகட்டின் முழுப் பரப்பிலும் அழுத்துகிறது; கீழே, வெளியேறும் வாயை மூடியிருக்கும் பகுதி போக மீதியில்தான். அதனால் மேல்பக்கம் ஜெயிக்கிறது. ஒரு ஸ்பிரிங்கும் துணைக்கு உண்டு. வால்வு மூடியே இருக்கும்.

கன்ட்ரோலர் 24 வோல்ட் ஏசி அனுப்பியதும் மேலே திருகியிருக்கும் சோலனாய்டு, உள்ளிருக்கும் சிறு கம்பியைத் தூக்கி ஒரு வழியைத் திறக்கும். மேலறைத் தண்ணீர் அதன் வழியே வடிய, கீழே உள்ள அழுத்தம் தகட்டைத் தூக்கிவிடும். மின்சாரம் நின்றால் அந்த வழி அடைபட்டு, மேலறை ஊசித்துளை வழியே மறுபடி நிரம்பி, தகடு இறங்கும். அதாவது மூடுகிற வேலையில் மின்சாரத்துக்குப் பங்கே இல்லை. ஊசித்துளையில் ஒரு மணல் துணுக்கு சிக்கினாலோ ரப்பர் கிழிந்தாலோ மேலறை நிரம்பாது, வால்வு மூடாது. பிளக்கைப் பிடுங்கி என்ன பயன்?

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஸ்பிரிங்க்ளருக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தும் கைப்பிடி எங்கே என்பது. பெரும்பாலும் பேக்ஃப்ளோ கருவியை (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) ஒட்டி இருக்கும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு நீண்டிருந்தால் திறந்திருக்கிறது.

அடுத்து பெட்டியைக் கண்டுபிடியுங்கள். புல் மூடியிருந்தால் நீள ஸ்குரூடிரைவரால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். தோண்டும் நிலை வந்தால் 811-ஐ முன்கூட்டியே அழையுங்கள். காஸ், மின் இணைப்புகள் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். உங்கள் ஸ்பிரிங்க்ளர் குழாயைப் பொதுவாகக் குறிக்க மாட்டார்கள். பெட்டிக்குள் கை விடும்போது கையுறை கட்டாயம். டெக்சாஸ் பக்கம் நெருப்பு எறும்பும் கருப்பு விதவைச் சிலந்தியும் அங்கே குடியிருக்கும்.

ஒரு பகுதிக்குத் தண்ணீரே வரவில்லையா? அதற்கான வால்வின் சோலனாய்டைக் கையால் இடப்பக்கமாகக் கால் திருகு திருகுங்கள். சில மாடல்களில் இதற்கென்றே சின்ன ஸ்குரூ உண்டு. தண்ணீர் பீய்ச்சினால் வால்வு நன்றாக இருக்கிறது, கோளாறு மின்சாரப் பக்கம். கன்ட்ரோலரில் அந்தப் பகுதியின் வயரைக் கழற்றி, அதற்கும் பொது வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஏறத்தாழ 20 முதல் 60 ஓம் காட்டினால் சோலனாய்டும் வயரும் சரி; கன்ட்ரோலரைத்தான் சந்தேகிக்க வேண்டும். முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். பெட்டிக்குள் வயர் இணைப்புகளுக்குக் கிரீஸ் அடைத்த நீர்புகா மூடிகளையே போடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் மண்ணுக்குள் தாங்காது.

தண்ணீர் நிற்கவே இல்லை என்றால் வால்வைத் திறந்து கழுவ வேண்டும். கைப்பிடியை மூடி, சோலனாய்டைச் சற்றே தளர்த்தி அழுத்தத்தை விடுங்கள். மேல்மூடி ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடப் போகிறது, ஒரு கை வைத்துக்கொள்ளுங்கள். டயாஃப்ரத்தை எடுக்கும் முன் அது இருந்த நிலையைப் போனில் படமெடுங்கள், மாற்றி வைத்தால் வால்வு வேலை செய்யாது. ரப்பரைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கிழிசல் இருந்தால் மூடியில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லி டயாஃப்ரம் மட்டும் வாங்கலாம், முழு வால்வு வேண்டாம். ஊசித்துளை அடைப்பை எடுக்கும்போது அதைப் பெரிதாக்கிவிடாதீர்கள். தண்ணீரைச் சில நொடி திறந்து அழுக்கை வெளியேற்றி மூடுங்கள். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடி வைத்து, ஸ்குரூக்களை எதிரெதிராக முடுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஓடி முடித்த பின் சரிவின் கடைசி ஸ்பிரிங்க்ளரில் கொஞ்ச நேரம் வழிந்து நிற்பது வால்வுக் கோளாறு அல்ல, குழாயில் மிஞ்சியது வடிகிறது. மணிக்கணக்கில் வழிந்தால்தான் வால்வு.

1/32 அங்குல விட்டமுள்ள கசிவே மாதம் சுமார் 6,300 கேலனை வீணாக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்த வார இறுதியில் பச்சை மூடியைத் திறந்து, எந்த வால்வு எந்தப் பகுதிக்கு என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். நிறுத்தும் கைப்பிடியை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.