நாலு நிமிஷமும் இரண்டு கைகளும்



"முதலுதவியா? அது டாக்டர், நர்ஸ் சமாச்சாரம். பாலிடெக்னிக்காரனுக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நின்றுபோன இதயத்தை, மார்பைத் திறக்காமல், வெளியிலிருந்து கையால் அமுக்கியே ரத்தத்தை ஓட்டலாம் என்று 1960-ல் உலகுக்கு எழுதிச் சொன்னவர்களில் முதல்வர், எலக்ட்ரிக்கல் பேராசிரியர்! அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் கூவன்ஹோவன். கரண்ட் அடித்துச் சாகும் லைன்மேன்களைக் காப்பாற்றவே அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆக, இது நம்ம பாடமும்தான்.

நம் கரைக்கு இது ஏன் அவசரம்? சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். பிராணவாயு கிடைக்காவிட்டால் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை கெடத் தொடங்கும். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை சுமார் 20 கி.மீ. ஆம்புலன்ஸ் 60 கி.மீ. வேகத்தில் வந்தாலும் 20 நிமிஷம். 20-ல் 4 போனால் மீதி 16. அந்த 16 நிமிஷத்துக்கு யார் பொறுப்பு? பக்கத்தில் நிற்கிறவர்தான்!

கடலில் மூழ்கிய பெரியவர் ஒருவரைக் கரைக்குக் கொண்டுவந்தால் செய்ய வேண்டியவை:

1) தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று 10 செகண்டுக்குள் பாருங்கள். எப்போதாவது ஒரு தடவை வாயைத் திறந்து இழுப்பது மூச்சுக் கணக்கில் சேராது.

2) "யாராவது போன் பண்ணுங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டி, "அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க" என்று சொல்லுங்கள்.

3) கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். மார்பு எழும்ப வேண்டும்.

4) நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம் அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் மார்பு முழுசாக மேலே வரட்டும். 30 அமுக்கு, 2 மூச்சு; ஆம்புலன்ஸ் வரும்வரை இதே சுற்று. 2 நிமிஷத்துக்கொரு தடவை ஆள் மாறிக்கொள்ளுங்கள்.

மூச்சு ஏன் முதலில்? மாரடைப்பால் இதயம் நின்றால், பம்ப் திடீரென்று நிற்கிறது. ரத்தத்தில் பிராணவாயு மிச்சம் இருக்கும். மூழ்கினவருக்கோ பிராணவாயு தீர்ந்துதான் இதயமே நிற்கிறது. ஊதத் தெரியாதவர் சும்மா நிற்க வேண்டாம், அமுக்கவாவது செய்யலாம்.

செய்யக்கூடாதவை: வயிற்றை அமுக்கித் தண்ணி எடுப்பது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது. வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணிதான். அதுவே மூச்சுக்குழலுக்குள் போனால் ஆபத்து. நேரமும் வீண். நீச்சல் தெரியாதவர் குதிக்காமல் கயிறோ காலி கேனோ வீசுங்கள். கரண்ட் அடித்தவரை, மெயினை ஆஃப் பண்ணாமல் தொடவே கூடாது.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கரையில் ஏதாவது என்றால் "படிச்ச புள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். உங்களில் பலருக்கும் அப்படித்தான். கூப்பிடும்போது நம்மிடம் சர்டிபிகேட் மட்டும் இருந்தால் போதாது, கைப்பழக்கமும் வேண்டும். படித்துவிட்டு மூடிவைத்தால் கை வராது. பயிற்சி பொம்மை மேல் அமுக்கிப் பழக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடிக்கக் கற்றது போலத்தான். வரும் ஆண்டு நம் பேரவை ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்தட்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு